ஏணியைப் பிடித்த டிரைவர்

கூலியைக் கூட்டிக் கொடுத்தால் மிளகு பறிக்க ஆள் வரும் என்று நினைத்தார் அர்த்தனாரி. ஆள் வரவில்லை. போன வாரம் அங்கேதான் நின்றோம்.

இடையில் வண்டியேறுகிறவர்களுக்காக நாலு வார்த்தை. அர்த்தனாரி அரசு பஸ் டிரைவர். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு மேலேயும் கீழேயுமாக வண்டி ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காமல் ரிட்டையர் ஆனவர். மலைமேல் எடப்புளி நாட்டுக்காரர். அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஊடும் மிளகுத் தோட்டமும் அங்கேதான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வரைக்கும் மலையே அவருக்கு வணக்கம் வைத்தது. விட்டதும் அந்த வணக்கம் அடுத்த டிரைவருக்குப் போய்விட்டது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. கும்பிடு சீட்டுக்குத்தான், உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இல்லை.

ஆனால் அர்த்தனாரிக்கு அது உறைத்துவிட்டது. ஊட்டுக்குள் போய் உட்கார்ந்தார். டீக்கடை இல்லை, கல்யாணம் கருமாதி இல்லை. டிவியில் செய்தி பார்ப்பார், செய்தி வாசிக்கிறவளைப் "புளுகுறா" என்று திட்டுவார். பேச்சுத்துணை அவ்வளவுதான். பிரஷர் ஏறியது. போன வாரம் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். காட்டு வேலைக்குப் போன மனைவி மாதம்மாள் பொழுதிறங்க வந்துதான் பார்த்தாள். அதுவரைக்கும் அந்த வழியாகப் போனவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிற பழக்கத்தை அவர் யாரிடமும் வைத்திருக்கவில்லையே.

சேதி நாமக்கல்லுக்குப் போனது. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கும் மகன் ரமேஷ்குமார் போனில் கத்தினான்.

"விழுந்து கெடந்தாலும் கேக்க நாதியில்லாத ஊர்ல எதுக்குப்பா இருக்கறீங்க? மிளகைக் குத்தகைக்கு விட்டுட்டுக் கீழ வந்துருங்க."

"எம் மிளகை எங்க ஊர்க்காரன் பறிப்பான்டா. பறிக்க வெச்சுக் காட்டறேன், அப்புறம் பேசு."

"சரி. ஞாயித்துக்கெழம வாரேன். அன்னைக்குப் பொழுதிறங்கறதுக்குள்ள நம்ம தோட்டத்துல மிளகு பறிக்க ஒரு ஏணி சாஞ்சிருந்தா நீங்க மலையிலயே இருங்க. இல்லீன்னா வண்டியில ஏறிருங்க."

அப்பனும் மகனும் ஒரே அச்சு. சொன்னால் சொன்னதுதான். அர்த்தனாரி டீக்கடையில் ரெட்டைக் கூலி என்று சொல்லிவைத்தார். ஒரு ஈ காக்கா வரவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

* * *

மாதம்மாள் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கண்ணன் தோட்டத்துக்குப் போயிட்டு வாரேன். சட்டியில களி இருக்குது. தின்னுட்டு மாத்திரையைப் போட்டுக்கங்க."

அவள் சொன்ன அண்ணன் அப்பாசாமி, சித்தப்பன் மகன். பக்கத்துக் கரட்டு மேட்டில் தோட்டம். அர்த்தனாரியும் அவரும் பேசி வருஷக்கணக்காகிறது. சண்டை என்று ஒன்றும் கிடையாது. அப்பாசாமி ரோட்டில் எங்கே நின்று கையைக் காட்டினாலும் அர்த்தனாரி பஸ்ஸை நிறுத்தமாட்டார். ஸ்டாப்பில் நின்றால்தான் நிறுத்துவார். தங்கச்சி புருஷன் ஓட்டுகிற பஸ் தனக்கு நிற்காது என்றால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

"ரெட்டைக் கூலின்னு சொல்லியும் ஒருத்தன் வரல. என்ன திமிரு பாரு உங்க ஊர்க்காரனுங்களுக்கு" என்றார் அர்த்தனாரி.

மாதம்மாள் துண்டைக் கட்டுவதை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"திமிருங்களா? இந்த ஊர்ல ஆரு ஆருக்குங்க மிளகுக்குக் கூலி குடுக்கறா? எல்லாம் மாத்தாளுதானுங்களே. இன்னைக்கு நான் உங் காட்டுக்கு, நாளைக்கு நீ எங் காட்டுக்கு. நீங்க என்னைக்காச்சும் போயிருக்கீங்களா?"

"டியூட்டியை விட்டுட்டு மரம் ஏறச் சொல்றயா? எனக்குப் பதிலா முள்ளுக்குறிச்சியில இருந்து ஆள் அனுப்பிவெச்சனே!"

"அதாங்க. அனுப்பிவெச்சீங்க. லீவு நாள்லயும் அனுப்பிவெச்சீங்க. 'டிரைவர் நம்மகூட நிக்க மாட்டாராம், காசை நிக்க வெக்கறாராம்'னு அன்னைக்கே பேசிக்கிட்டாங்க. மாத்தாளுன்னா உடம்பு போகோணுங்க. அனுப்புன ஆளு கணக்குல சேராது."

"நீ போறயே, அது சேராதா?"

"சேரும். நான் போனதுக்குப் பொம்பளைங்க வருவாங்க. பொறுக்கறதுக்கு, மிதிக்கறதுக்கு, காய வெக்கறதுக்கு. ஏணி ஏற ஆம்பள வரோணும்னா இந்த ஊட்டு ஆம்பள போயிருக்கோணும்." கதவு வரைக்கும் போனவள் நின்றாள். "நர்ஸம்மா சொன்னதை நெனச்சுப் பாருங்க."

வியாழக்கிழமை வந்த நர்ஸ் கிருஷ்ணகுமாரி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பிரஷர் பார்த்துவிட்டு, "ஐயா, மாத்திரை பாதி வேலதான் பாக்கும். மீதியை நாலு பேருகிட்டப் பேசித்தான் எறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"ஊசி போடறவ ஊசியைப் போடட்டும். வாயி எதுக்கு?" என்றார் அர்த்தனாரி.

"இன்னைக்கு ஏணி புடிக்கற மாதேஸ்வரன் வேற சேலத்துக்குச் சாவுக்குப் போயிட்டான். எங்கண்ணனுக்கு வேற ஆளில்ல. அங்க அப்படி, இங்க இப்படி" என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மாதம்மாள் இறங்கிப் போனாள்.

அர்த்தனாரி கொல்லைப்பக்கம் வந்தார். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. சரத்துக்குச் சரம் சிவப்பு தட்டிவிட்டது. மாசி வெயிலில் இன்னும் ரெண்டு நாள் விட்டால் பாதி குருவிக்கு, பாதி மண்ணுக்கு. அதற்கு முன்னால் குத்தகைக்காரன் வந்துவிடுவான். அவருக்கு நாமக்கல்லில் மகன் வீட்டு இரும்பு கேட் கண்ணில் வந்தது. கேட்டுக்குள்ளே நாற்காலி. நாற்காலியில் அவர். எதிரே ஒரு ரோடு. அந்த ரோட்டில் ஓடுகிற ஒரு வண்டிக்காரனுக்கும் அவரைத் தெரியாது.

"போடா" என்றார், யாருக்கோ.

உள்ளே போய்ப் பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினார். பட்டன் வயிற்றில் முட்டியது. மாத்திரை அட்டையைப் பார்த்தார். மருந்துக்காரன் பிழைக்க நான் எதற்கு முழுங்க வேண்டும் என்று அலமாரியிலேயே விட்டார். நர்ஸ் வருகிற அன்றைக்கு மட்டும்தான் போடுவார், பார்ப்பாளே என்று. களியையும் தொடவில்லை.

முட்டாள்தனம்தான். ரோஷம் வந்தவனுக்குப் பசி எங்கே தெரிகிறது?

* * *

அப்பாசாமி தோட்டத்தில் மூன்று ஏணிகள் சாய்ந்திருந்தன. மிளகுக்கு எடுக்கிற ஏணி தெரியுமில்லையா? ஒரே மூங்கில். கிளையை முழுசாகக் கழிக்காமல் கால் வைக்கிற அளவுக்குக் குச்சி விட்டு வெட்டியிருப்பார்கள். அதை சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஒருத்தன் ஏறுவான், ஒருத்தன் அடியைப் பிடிப்பான். ஒற்றைக்கால் ஏணி. பிடிக்கிறவன் அசந்தால் உருளும்.

மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, பறித்த சரங்களைக் கொட்டி, பெண்கள் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பார்த்தவள் பொன்னாயி. அவள் வாய்க்கு மலையிலேயே பிரேக் கிடையாது.

"ஏனுங்க டிரைவரண்ணா! இது ஸ்டாப்பிங் இல்லீங்களே, இங்க எப்படி நின்னீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். மாதம்மாள் சிரிக்கவில்லை. மிதித்த கால் நின்றுவிட்டது.

அப்பாசாமி மரத்தடியில் ஏணியை ஒரு கையால் பிடித்தபடி யோசனையாய் நின்றிருந்தார். ஒல்லி ஆள். அறுபதைத் தாண்டியும் மரத்தில் ஏறினால் ஓணான். அர்த்தனாரி நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"மச்சான், ஏணி புடிக்க வந்திருக்கறேன்."

அப்பாசாமி மேலும் கீழும் பார்த்தார். "ஆரை அனுப்பியிருக்கீங்க மாப்பிள்ள? முள்ளுக்குறிச்சி ஆளு பின்னால வர்றானா?"

"நான்தான் வந்திருக்கறேன்."

"மூட்டை தூக்கறதுன்னா தூக்குங்க. ஏணி வேண்டாம். இது எம் மண்டை."

"பஸ்ஸு நெறைய சனத்தைக் கொண்டாந்து எறக்கியிருக்கறேன். ஒரு மண்டை உடையல."

"பஸ்ஸுக்கு நாலு சக்கரமுங்க. இதுக்கு ஒத்தக் காலு."

"மச்சான், சுத்தி வளைக்கல. இன்னைக்குப் பொழுதுக்குள்ள எந் தோட்டத்துல ஒரு ஏணி சாயலைன்னா எம் மகன் என்னைக் கீழ கொண்டுபோயிருவான். நான் போக மாட்டேன். அதுக்கு உங்க ஆளு வேணும். உங்க ஆளு வரோணும்னா நான் இங்க நிக்கோணும். நிக்கறேன்."

இப்படிப் பட்டென்று போட்டு உடைத்தால் எதிராளிக்கும் சுற்றி வளைக்க இடமிருக்காது. அப்பாசாமி தாடையைச் சொறிந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மேல ஏறுனா இலைதான் தெரியும், கீழ ஒண்ணும் தெரியாது. புடிக்கறவன் நிக்கறானா, பீடி பத்தவெக்கப் போயிட்டானான்னு எனக்குக் காதுதான் சாட்சி. அதனால கீழ நிக்கறவன் வாயை மூடக்கூடாது. எதையாச்சும் பேசிக்கிட்டே இருக்கோணும். கொரலு நின்னா நான் எறங்கிருவேன். அப்புறம் உங்களோட ஏற மாட்டேன். சம்மதமா?"

அர்த்தனாரிக்கு இது வேறு விதமான இடி. மரத்தைத் தூக்கு என்றால் தூக்கியிருப்பார். பேசு என்றால்? வேலை பார்த்த காலம் பூராவும் அவர் தலைக்கு மேலே ஒரு தகடு இருந்தது. 'ஓட்டுநருடன் பேசாதீர்.' பேச வந்தவர்களிடம் வாயைத் திறக்காமல் அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் காட்டுவார். ஊருக்கு முதுகைக் காட்டியே பிழைத்த மனுசன்.

"சம்மதம்" என்றார்.

* * *

அப்பாசாமி ஏறினார். அர்த்தனாரி மூங்கிலின் அடியில் காலை அண்டக் கொடுத்து, ரெண்டு கையாலும் பிடித்தார். பிடி நல்ல பிடி. வாய்தான் வரவில்லை.

"இருக்கறேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இருக்கறேன்." மறுபடியும், "இருக்கறேன் மச்சான்."

"ஆமாங்க, இருக்கறாருங்க! செவுத்துப் பல்லி மாதிரி இருக்கறாருங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினாள் பொன்னாயி. பாய் முழுக்கச் சிரிப்பு.

"வேற பேசுங்க மாப்பிள்ள! தூக்கம் வருது!" மேலேயிருந்து குரல்.

என்னத்தைப் பேசுவது? டிவியில் பார்த்ததையா? ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தது ஒரே ஒரு ரோடு. சரி, அதையே ஓட்டுவோம் என்று வண்டியை எடுத்துவிட்டார்.

"செம்மேடு. எல்லாரும் ஏறியாச்சு. ரைட்டு."

பாயில் மிதித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சோளக்காடு. இன்னைக்குச் சந்தை. பலாப்பழம் நாலு மூட்டை, மேல போடுன்னா கேக்கறதில்ல, காலடியில வெச்சுக்குவாங்க. முன்னால ரெண்டாவது சீட்டு, சன்னலோரம் பொன்னாயி. மடியில சேவலு. சேவலுக்கு டிக்கெட் வாங்கல. கண்டக்டர் வந்தா முந்தானையைப் போட்டு மூடிக்குவா. அது உள்ளயிருந்து கூவும். இவ இருமுவா."

பொன்னாயி வாயில் கையை வைத்தாள். "அய்யய்யோ! அதை எங்கண்ணா பாத்தீங்க?"

"கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்குது? மூஞ்சி பாக்கவா?"

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. மேலேயிருந்து மிளகுச் சரம் மளமளவென்று சாக்குக்குள் விழுகிற சத்தம் கேட்டது. "ஓட்டுங்க மாப்பிள்ள, ஓட்டுங்க!"

அர்த்தனாரி ஓட்டினார். முதல் வளைவு திரும்பியதும் வாந்தியெடுக்கிறவர் யார், கடைசி வளைவு வரைக்கும் சாமி கும்பிட்டுக்கொண்டே வருகிறவர் யார், பரீட்சைக்குப் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போய், திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த பிள்ளை யார், காரவள்ளியில் இறங்கும்வரை சண்டை போட்டுவிட்டு இறங்கினதும் ஒரே இளநீரைக் குடித்த புருஷன் பெண்டாட்டி யார். எல்லாம் அந்தக் கண்ணாடியில் பார்த்தது. ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஊரையே தலைக்குள் ஏற்றி வைத்திருந்திருக்கிறார். அவருக்கே அது இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏணியை அடுத்த மரத்துக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த மரத்துக்கும். தொண்டை கட்டியது. விடவில்லை.

"வெள்ளிக்கெழம மொத டிரிப்பு" என்று தொடங்கினார். "மூணாவது சீட்டுல எங்க மச்சானும் அக்காளும். நாமக்கல் ஆசுபத்திரிக்கு. அக்காளுக்குத் தலை நிக்காது. மச்சான் மடியில சாச்சுக்குவாரு. வளைவுல வண்டி குலுங்குனா அக்காளுக்கு மூஞ்சி சுண்டும், கண்ணாடியில தெரியும். நான் பிரேக்கைத் தொட்டும் தொடாம வளைப்பேன். டிரிப்பு லேட்டு. டிப்போவுல மெமோ குடுத்தான். குடுத்தா குடுக்கட்டும்."

பாயில் யாரும் மிதிக்கவில்லை. மேலே சரம் விழுகிற சத்தமும் இல்லை. அப்பாசாமியின் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அர்த்தனாரி மாலை ஒன்றை ஆளிடம் கொடுத்தனுப்பினார் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

தவறாகப் பேசிவிட்டோமோ என்று அர்த்தனாரி வாயை மூடினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" இலைக்குள்ளிருந்து வந்த குரல் கரகரத்தது. "கொரலு நின்னா எறங்கிருவேன்னு சொன்னனே. பேசுங்க மாப்பிள்ள."

* * *

உச்சிப்பொழுது தாண்டியபோது மண்ரோட்டில் கார் வந்து நின்றது. ரமேஷ்குமார் இறங்கினான். கூட இன்னொரு ஆள், கழுத்தில் தங்கச் செயின், கையில் ரெண்டு போன். மணிவண்ணன், சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி. மலைத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுக்கிறவன். சிரித்துக்கொண்டே இறங்கினான். இறங்கும்போதே சிரிக்கிறவனிடம் கொஞ்சம் எட்ட நிற்பது நல்லது.

"அப்பா! உங்களை ஊட்டுல தேடிட்டு வாரேன். இங்க என்ன பண்றீங்க?"

அர்த்தனாரி திரும்பவில்லை. அப்பாசாமி அப்போது அந்தத் தோட்டத்திலேயே உயரமான மரத்தில், ஏணியின் கடைசிக் குச்சியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஓட்டுநருடன் பேசாதீர்" என்றார் அர்த்தனாரி. பொன்னாயி களுக்கென்று சிரித்தாள்.

"வெளையாடாதீங்கப்பா. நம்ம தோட்டத்தைப் பாத்துட்டுத்தான் வாரேன். ஒரு ஏணியும் இல்ல. இவரு மணிவண்ணன். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

தோட்டக்காரரைக் கேட்காமலே தோட்டத்துக்கு வாக்கு. அர்த்தனாரிக்குச் சுருக்கென்று ஏறியது. திரும்பி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தார். அப்போதுதான் அது வந்தது. முதலில் காதுக்குள் ஒரு இரைச்சல். பிறகு மூங்கில் ரெண்டாகத் தெரிந்தது. தண்ணித்தொட்டி ஓரம் விழுந்தபோது வந்த அதே இரைச்சல்.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் சங்கடம். சொன்னால் மகன் ஜெயித்தான். 'பாத்தீங்களா, நிக்கவே முடியல, ஏறுங்க கார்ல' என்பான். வியாபாரி சாட்சி. ஊரே சாட்சி. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் அப்பாசாமி தானாக இறங்கிவிடுவார். யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நிற்பது அவருக்குப் புதுசா என்ன?

ஆனால் மேலே ஒரு மண்டை இருந்தது.

கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்த பாடம். அதை மீறினவர்களை அவர் பள்ளத்தில் பார்த்திருக்கிறார். அவர் மீறினதில்லை. அதனால்தான் ஒரு கோழிக்குஞ்சும் சாகவில்லை.

"மச்சான்!" என்றார். குரல் கணீரென்று வந்தது. "எறங்குங்க. எனக்குத் தலை சுத்துது. புடியை விடமாட்டேன். ஆனா சீக்கிரம் எறங்குங்க."

எல்லோரும் ஓடி வந்தார்கள். ரமேஷ்குமார் வந்து அப்பாவின் கைமேல் கை வைத்து மூங்கிலைப் பிடித்தான். "விடுங்கப்பா, நான் புடிச்சுக்கறேன்!"

"அவரு கால் மண்ணைத் தொடட்டும்."

அப்பாசாமி ஓணான் மாதிரி சரசரவென்று இறங்கினார். கால் மண்ணைத் தொட்டது. அப்புறம்தான் அர்த்தனாரி கையை விட்டார். விட்டதும் அப்படியே மிளகுச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

* * *

மாதம்மாள் தூக்குப்போசியில் இருந்த கூழை அவர் வாயில் வைத்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். அலமாரியில் விட்டுவிட்டு வருவார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

"முழுங்குங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அர்த்தனாரி மாத்திரையை விரலில் தூக்கி ஊருக்குக் காட்டினார், டிக்கெட்டைக் காட்டுகிற மாதிரி. "பாத்துக்கங்க. போடறேன். நாளைக்கும் போடுவேன்." முழுங்கினார். களைப்பு தெளிய நேரம் பிடித்தது. பொன்னாயி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அவள் வாய் மட்டும் முதல் தடவையாகச் சும்மா இருந்தது.

ரமேஷ்குமாருக்குக் கண் கலங்கியிருந்தது. கோபமாகத்தான் பேசினான். பயந்தவன் கோபமாகத்தான் பேசுவான்.

"இன்னும் என்னப்பா காட்டோணும் உங்களுக்கு? ஏறுங்க கார்ல. ஆசுபத்திரிக்குப் போயிட்டு அப்படியே ஊட்டுக்குப் போயிரலாம்."

"இரு ரமேசு" என்றார் அப்பாசாமி. கையில் மிளகுக்கறை, முழங்கையில் சிராய்ப்பு. "போன வாரம் உங்கப்பன் விழுந்தது ஆருக்குத் தெரிஞ்சுது?"

"ஆருக்கும் தெரியல மாமா. அதைத்தான் நானும் சொல்றேன்."

"இன்னைக்கு விழுகறதுக்கு முன்னாலயே இத்தனை பேருக்குத் தெரிஞ்சு போச்சு. அவரு வாயால சொல்லி. கணக்குல இதையும் சேத்துக்க."

ரமேஷ்குமார் அப்பாவைப் பார்த்தான். அப்பாசாமி விடவில்லை.

"அப்புறம் இன்னொண்ணு. இவரு இன்னைக்கு எனக்கு மாத்தாளா நின்னுருக்காரு. உடம்போட வந்து நின்னுருக்காரு. நான் திருப்பி நிக்கோணும். மாத்தாள் பாக்கியை வெச்சுக்கிட்டு ஒரு மனுசனை மலையை விட்டு எறக்கி விடற வழக்கம் இந்த நாட்டுல இல்ல. நாளைக்கு விடிஞ்சா இந்த மூணு ஏணியும் உங்கப்பன் தோட்டத்துல."

"எறங்கச் சொல்லும்போது சொன்னாரு பாருங்க, அந்தக் கொரலு போதும். நானும் வாரேன்" என்று அடுத்த ஏணிக்காரன் சொன்னான். இன்னொருத்தன் தலையாட்டினான்.

மணிவண்ணனின் சிரிப்பு இப்போதுதான் கொஞ்சம் சுருங்கியது.

"நல்ல வழக்கமுங்க. நான் குறுக்க நிக்கலீங்க. ஆனா எனக்கு வாக்குக் குடுத்தது இவரு. அதை நம்பி ஆளுகளுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வேன் வரும். எங்க ஆளுக மரம் ஏறுவாங்க. உங்களுக்குள்ள என்னமோ பேசிக்கங்க."

மண்ரோட்டில் போன ஒரு பைக்கை நிறுத்தி ஏறிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு மட்டும் கையைக் காட்டின இடத்தில் வண்டி நிற்கிறது.

* * *

பொழுது மேற்கே சாயத் தொடங்கியது. அர்த்தனாரி எழுந்தார். கால் நிலைத்தது.

"மச்சான், அந்த ஏணியில ஒண்ணு குடுங்க."

"இன்னைக்கு என்னத்துக்குங்க? ஓய்வெடுங்க. நாளைக்குத்தான் வாரமே."

"நாளைக்குன்னா பேச்சு வேற ஆயிரும். ஞாயித்துக்கெழம பொழுதுக்குள்ளன்னு எம் மகன் சொன்னான். சொன்னது சொன்னதுதான்."

அப்பாசாமி ஏணியின் தலைப்பக்கத்தைத் தோளில் வைத்தார். அர்த்தனாரி அடிப்பக்கத்தைத் தூக்கப் போனார். மாதம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டுத் தான் தூக்கிக்கொண்டாள். பின்னால் பொன்னாயி, அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். கல்யாண ஊர்வலம் மாதிரி மூங்கில் முன்னால் போனது. ரமேஷ்குமார் காரை ஓட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தான். முன்னால் போகிற அப்பாவின் காக்கி முதுகு ஒரு வளைவில் மறைந்தது, மறுபடியும் தெரிந்தது. அந்த முதுகைச் சுற்றி இத்தனை பேரை அவன் பார்த்ததேயில்லை.

ரோட்டோரத்து முதல் மரம். வெயில் இன்னும் உச்சிக் கொடியில் இருந்தது. மூங்கிலை நிமிர்த்திச் சாய்த்தார்கள். டக்கென்று மரத்தில் முட்டி நின்றது. அர்த்தனாரி மகனைப் பார்த்தார்.

"சாஞ்சிருக்குதா?"

"சாஞ்சிருக்குதுப்பா" என்றான் ரமேஷ்குமார், ரொம்ப மெதுவாக.

"அப்ப நான் இருக்கறேன்."

அப்பாசாமி ஏணி உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க முதல் குச்சியில் கால் வைத்தார். அர்த்தனாரி பழக்கமாய்க் கையை நீட்டி, பிறகு நிறுத்திக்கொண்டார். இன்றைக்குப் போதும். ஓரங்கட்டின வண்டியை அன்றைக்கே எடுக்கக்கூடாது.

"ரமேசு, நீ வந்து புடி. மச்சானுக்கு ஏணி புடிக்க நாளைக்கு எப்படியும் ஒரு ஆளு குறையுது."

"எனக்குப் பட்டறை இருக்குதுப்பா."

"இருக்கட்டும். ஓடிப்போகாது. கை மட்டும் போதாது, வாயும் வேணும். மேல நிக்கறவருக்குக் கேக்கற மாதிரிப் பேசிக்கிட்டே இருக்கோணும்."

ரமேஷ்குமார் ஒரு கையை மூங்கிலில் வைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். மணிவண்ணன்.

"மாமா ஏறட்டுமா ரமேசு?" முதல் குச்சியில் நின்றபடி அப்பாசாமி கேட்டார். "ஏன் சத்தத்தையே காணோம்?"

போன் விடாமல் அடித்தது. ஒரு கையில் அது, ஒரு கையில் ஏணி. ஒற்றைக்கால் ஏணிக்கு ரெண்டு கையும் வேண்டும்.